கடற்கன்னிக்கு இளவரசன் கிடைக்கவே இல்லையா? குழந்தைகளுக்குச் சொல்லாமல் விட்ட ஒரிஜினல் கதை இதுதான்!

சிவப்பு முடி, பச்சை வால், கடைசியில் இளவரசனோடு கல்யாணம். கடற்கன்னி என்றதும் இன்றைய குழந்தைகளுக்கு ஞாபகம் வருவது டிஸ்னியின் ஏரியல்தான். ஸ்கூல் பேக், தண்ணீர் பாட்டில், பிறந்தநாள் கேக் வரைக்கும் அவள் முகம் இருக்கிறது.

ஆனால் இந்தக் கதையை முதலில் எழுதியவர் அவளுக்கு ஏரியல் என்று பெயர் வைக்கவில்லை. அவர் எழுதியதில் கல்யாணமும் நடக்கவில்லை. கையில் கத்தியோடு ஒரு பெண் நிற்கிறாள். குத்தினால் பிழைப்பாள், குத்தாவிட்டால் விடிவதற்குள் சாவாள். அதுதான் கதையின் உச்சகட்டம்.

இதைப் போய் குழந்தைக்குச் சொல்லலாமா? சொல்வதாக இருந்தால் எந்த வயசில், எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் எழுதியது? எப்போது?

எழுதியவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 1805 ஏப்ரல் 2ல் ஓடன்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி, அம்மா துணி துவைத்துப் பிழைத்தவர். 14 வயசில் தனியாக கோபன்ஹேகன் நகரத்துக்குக் கிளம்பி வந்தார். இன்று அவர் பிறந்தநாளைத்தான் சர்வதேச குழந்தைகள் புத்தக தினமாக உலகம் கொண்டாடுகிறது.

'குட்டி கடற்கன்னி' 1837 ஏப்ரல் 7ல் வெளியானது. அதே சின்னப் புத்தகத்தில் வந்த இன்னொரு கதையும் நமக்கு நல்லாவே தெரியும். துணியே இல்லாமல் ஊர்வலம் போன ராஜாவின் கதைதான் அது.

ஒரிஜினல் கதையில் என்ன நடக்கிறது?

கடல் ராஜாவுக்கு 6 பெண்கள். அம்மா இல்லை, பாட்டிதான் வளர்க்கிறாள். 15 வயசு ஆனால்தான் கடலுக்கு மேலே போய்ப் பார்க்க அனுமதி. அக்காக்கள் ஒவ்வொருவராகப் போய்வந்து கதை சொல்ல, கடைக்குட்டி ஏங்கிக் காத்திருக்கிறாள்.

அவள் முறை வருகிறது. கப்பலில் ஒரு இளவரசனைப் பார்க்கிறாள். புயல் வந்து கப்பல் உடைகிறது. அவனைத் தூக்கி வந்து கரையில் சேர்த்துவிட்டு ஒளிந்துகொள்கிறாள். அந்த வழியாக வந்த வேறொரு பெண் முகத்தில்தான் இளவரசன் கண் விழிக்கிறான். தன்னைக் காப்பாற்றியது யார் என்று அவனுக்குத் தெரியாது.

இங்கேதான் சினிமாவில் இல்லாத ஒரு விஷயம் வருகிறது. கடல்வாசிகளுக்கு 300 வருஷ ஆயுள், ஆனால் செத்ததும் நுரையாகிவிடுவார்கள், அவ்வளவுதான் என்கிறாள் பாட்டி. மனிதர்களுக்கோ ஆயுள் குறைவு, ஆனால் அழியாத ஆன்மா உண்டு. ஒரு மனிதன் உயிருக்குயிராக நேசித்துக் கல்யாணம் செய்தால் மட்டுமே கடற்கன்னிக்கும் ஆன்மா கிடைக்கும். கடைக்குட்டிக்கு இளவரசன் மேல் ஆசை இருக்கிறது. அதே அளவுக்கு அந்த ஆன்மா மேலும் ஆசை.

கடல் சூனியக்காரியிடம் போகிறாள். அவள் ஏமாற்றவில்லை, விலையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள்:

- குரலைக் கொடுக்க வேண்டும். அதாவது நாக்கையே அறுத்துவிடுவாள்.
- கால் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு அடியும் கூர்மையான கத்தி மேல் நடப்பதுபோல வலிக்கும்.
- மறுபடி கடற்கன்னியாக மாற முடியாது.
- இளவரசன் வேறு பெண்ணைக் கட்டினால், மறுநாள் காலையில் நுரையாகிவிடுவாள்.

எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறாள். இளவரசனும் அன்பாகத்தான் இருக்கிறான். ஆனால் அது ஒரு குழந்தை மேல் வைக்கிற பாசம். உண்மையைச் சொல்ல அவளுக்கு நாக்கு இல்லை. பக்கத்து நாட்டு இளவரசியைப் பார்த்ததும், தன்னைக் காப்பாற்றியவள் இவள்தான் என்று நினைத்துக் கல்யாணம் செய்துகொள்கிறான்.

அந்தக் கத்தி எதற்கு?

கல்யாண ராத்திரி. கப்பல் ஓரத்தில் அக்காக்கள் ஐந்து பேரும் வருகிறார்கள். தலையில் முடி இல்லை. தங்கச்சியைக் காப்பாற்ற முடியை சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டு ஒரு கத்தியை வாங்கி வந்திருக்கிறார்கள். விடிவதற்குள் அதை இளவரசன் நெஞ்சில் இறக்கி, ரத்தம் காலில் பட்டால், வால் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்குப் போகலாம்.

அவள் கூடாரத்துக்குள் போகிறாள். தூங்குகிறவனைப் பார்க்கிறாள். நெற்றியில் முத்தமிட்டு, கத்தியைக் கடலில் வீசிவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

நுரையாகிறாள், ஆனால் கதை அங்கே முடியவில்லை. காற்றின் மகள்கள் என்ற கூட்டத்தில் அவள் சேர்க்கப்படுகிறாள். 300 வருஷம் நல்லது செய்தால் அழியாத ஆன்மாவைத் தானே சம்பாதிக்கலாம். யாருடைய கல்யாணமும் தேவையில்லை.

இவ்வளவு சோகமாக ஏன் முடித்தார்?

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1811ல் ஜெர்மன் எழுத்தாளர் ஃபூக்கே 'உண்டீன்' என்ற கதையை எழுதினார். நீரில் வாழும் ஒரு பெண் மனிதனைக் கல்யாணம் செய்து ஆன்மா பெறுவாள். ஆண்டர்சனுக்கு அது பிடித்த கதைதான், ஆனால் அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒருத்தியின் கதி இன்னொருவர் அவளைக் காதலிக்கிறாரா இல்லையா என்பதில் தொங்கக் கூடாது என்று, கதை வெளிவருவதற்கு சில வாரம் முன்பு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர் முதலில் யோசித்த தலைப்பே 'காற்றின் மகள்கள்' என்பதுதான்.

அப்போ, நாம் சோகம் என்று நினைக்கும் முடிவு அவர் கணக்கில் தோல்வி இல்லை. இளவரசன் கிடைக்காததோடு அவள் முடிந்துபோகவில்லை என்பதைச் சொல்லத்தான் அந்தக் கடைசிப் பகுதி.

சொந்த வலியும் இதில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆண்டர்சன் மிகவும் நேசித்த நண்பர் எட்வர்ட் கொலின் 1836ல் கல்யாணம் செய்துகொண்டார். சொல்ல முடியாத அன்பு, வாய் பேச முடியாத கடற்கன்னி என்று இரண்டையும் அவர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள்.

ஒரு விமர்சனமும் உண்டு. நல்ல குழந்தையைப் பார்த்தால் காற்றின் மகள்களின் காத்திருப்பு குறையும், கெட்ட குழந்தையைப் பார்த்து அழுதால் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் ஒரு நாள் கூடும் என்று ஆண்டர்சன் முடிக்கிறார். இது பிள்ளைகளை மிரட்டுகிற வேலை என்று கண்டித்தவர் 'மேரி பாப்பின்ஸ்' எழுதிய பி.எல்.டிராவர்ஸ். அந்த விமர்சனம் நியாயம்தான்.

டிஸ்னி என்ன மாற்றியது?

1989ல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தை ஜான் மஸ்கர், ரான் கிளெமென்ட்ஸ் இருவரும் இயக்கினார்கள். இசைக்கும் பாடலுக்குமாக 2 ஆஸ்கர் வாங்கிய படம். முக்கிய மாற்றங்கள் இவை:

- பெயர்: ஒரிஜினலில் யாருக்குமே பெயர் இல்லை. படத்தில் ஏரியல், எரிக், உர்சுலா.
- குரல்: கதையில் நாக்கு போகிறது, திரும்ப வராது. படத்தில் குரல் ஒரு சிப்பிக்குள் போகிறது, திரும்ப வருகிறது.
- நிபந்தனை: கதையில் கல்யாணம். படத்தில் 3 நாளுக்குள் உண்மைக் காதலின் முத்தம்.
- வில்லி: கதையில் சூனியக்காரி பேரம் பேசுகிறவள் மட்டும். படத்தில் கடலையே பிடிக்க நினைக்கும் வில்லி.
- ஆன்மா: கதையின் மையமே அதுதான். படத்தில் அந்தப் பேச்சே இல்லை.
- முடிவு: படத்தில் எரிக் வில்லியைக் கொல்கிறான், அப்பா மகளுக்குக் கால் கொடுக்கிறார், கல்யாணம் நடக்கிறது.

2023ல் நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் ஹாலி பெய்லி ஏரியலாக நடித்தார். கறுப்பினப் பெண் எப்படி ஏரியலாகலாம் என்று 2019ல் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோதே சோஷியல் மீடியாவில் சண்டை தொடங்கிவிட்டது. டிரெய்லரைப் பார்த்து கறுப்பினச் சிறுமிகள் துள்ளிக் குதித்த வீடியோக்களும் அதே வேகத்தில் பரவின. அந்தப் படத்தில் இன்னொரு மாற்றம்: வில்லியை வீழ்த்துவது எரிக் இல்லை, ஏரியலேதான்.

அனுமன் காதலித்த கடற்கன்னி தெரியுமா?

கடற்கன்னி கதை ஐரோப்பாவின் தனிச்சொத்து கிடையாது. தாய்லாந்து ராமாயணமான 'ராமகியன்' கதையில் சுவண்ணமச்சா என்ற தங்க மீன்கன்னி வருகிறாள். அவள் ராவணனின் மகள்! இலங்கைக்குப் பாலம் கட்ட வானரங்கள் போடும் கல்லையெல்லாம் தன் மீன் படையோடு இழுத்துப் போகச் சொல்லி அப்பா அனுப்புகிறார். அனுமன் கடலுக்குள் இறங்கிப் பிடிக்கிறார், இருவருக்கும் காதல் வருகிறது. மகன் பெயர் மச்சானு.

வால்மீகியிலும் கம்பனிலும் இந்தக் காதல் இல்லை. ஆனால் நம்ம ஊர் மயில்ராவணன் கதையில், அனுமனின் வியர்வையை விழுங்கிய மீனுக்குப் பிறந்த மச்சவல்லபன் வருவான். தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஜப்பானில் மியாசாகி 2008ல் எடுத்த 'போன்யோ' ஆண்டர்சன் கதையின் தாக்கத்தில் உருவானதுதான். மனுஷியாக ஆசைப்படும் மீன்குட்டி, அவளை அப்படியே ஏற்றுக்கொள்ளும் 5 வயசுப் பையன். இங்கே நேசம் என்றால் நட்புதான். 2014ல் வந்த 'சாங் ஆஃப் தி சீ' அயர்லாந்தின் செல்கி கதை. செல்கி என்றால் கடல்நாய்த் தோலைப் போர்த்தினால் கடல்நாயாகவும், கழற்றினால் மனுஷியாகவும் மாறுகிறவர்கள். அம்மாவை இழந்த அண்ணனும் தங்கையும் அந்தத் துக்கத்தை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதுதான் படம்.

"நிஜமாவே கடற்கன்னி இருக்கா?"

பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்கிற கேள்வி. இல்லை என்பதுதான் நேரான பதில். 2012ல் அனிமல் பிளானட் சேனல் ஆவணப்படம் மாதிரியே ஒரு கற்பனை நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பலர் அதை நிஜம் என்று நம்பினார்கள். அதே ஆண்டு அமெரிக்க அரசின் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாக அமைப்பு, கடலில் மனித உருவ உயிரினம் இருப்பதற்கு எந்த ஆதாரமும் கிடைத்ததில்லை என்று விளக்கம் கொடுத்தது. அதனால் 'கடற்கன்னி கரை ஒதுங்கியது' என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.

பதிலை 'இல்லை' என்பதோடு நிறுத்த வேண்டியதும் இல்லை. 1493ல் கடற்கன்னிகளைப் பார்த்ததாகவும், படத்தில் வரைவதுபோல அவ்வளவு அழகாக இல்லை என்றும் கொலம்பஸ் பதிவு செய்தார். அவர் பார்த்தது மானட்டி என்ற பாலூட்டியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. அதன் உறவுக்கார விலங்குதான் நம் பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடல்பசு. நம்ம மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அதைக் காக்க தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

எந்த வயசுக்கு எந்தக் கதை?

கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது, குழந்தைக்குக் குழந்தை மாறும். தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

4 முதல் 6 வயசு: 'போன்யோ' நல்ல தொடக்கம். படப் புத்தகம் வேண்டுமென்றால் ஜெசிகா லவ் வரைந்து எழுதிய 'ஜூலியன் இஸ் எ மெர்மெய்ட்' (2018). கடற்கன்னி வேஷம் போட ஆசைப்படும் பையனும் அவனைத் திட்டாத பாட்டியும்தான் கதை.

7 முதல் 9 வயசு: டிஸ்னி படம், 'சாங் ஆஃப் தி சீ', சுவண்ணமச்சா கதை. தானே ஆங்கிலத்தில் படிக்கிற குழந்தைக்கு லிஸ் கெஸ்லரின் 'எமிலி விண்ட்ஸ்நாப்' வரிசை. பள்ளி நீச்சல் வகுப்பில்தான் தனக்கு வால் முளைப்பதே எமிலிக்குத் தெரியும்.

10 வயசுக்கு மேல்: ஆண்டர்சனின் ஒரிஜினல். முதல் முறை கூட உட்கார்ந்து படியுங்கள். நாக்கை அறுக்கும் இடத்தில் குழந்தை பயந்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடரலாம்.

படித்து முடித்ததும் அறிவுரை சொல்லத் தேவையில்லை, கேள்வி கேட்டால் போதும். குரலைக் கொடுத்தது சரியா? உண்மை தெரியாத இளவரசன் மேல் தப்பு இருக்கா? நீயாக இருந்தால் அந்தக் கத்தியை என்ன செய்வாய்? தனக்குப் பிடித்த ஒருவருக்குத் தன்னைப் பிடிக்காமல் போகலாம், அதற்காக அவர் மேல் கத்தி எடுக்கக் கூடாது. தனக்கும் அதோடு எல்லாம் முடிந்துபோவதில்லை. வளர்கிற வயசில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்தில் முடிகிற படத்தில் இதைப் பேச இடம் இல்லை.

அந்தச் சிலை இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913 ஆகஸ்ட் 23ல் திறக்கப்பட்ட எட்வர்ட் எரிக்சனின் வெண்கலச் சிலை 1.25 மீட்டர் உயரம்தான். பெரிதாக எதிர்பார்த்துப் போகிறவர்கள் 'இவ்வளவுதானா' என்பார்கள். 1964லும் 1998லும் யாரோ தலையை அறுத்துக்கொண்டு போனார்கள், 1984ல் ஒரு கையைக் காணோம். ஒவ்வொரு முறையும் சரிசெய்து அதே பாறையில் உட்கார வைத்தார்கள்.

அவள் பக்கத்தில் இளவரசன் சிலை கிடையாது. ஒரிஜினல் கதை தெரிந்த குழந்தைக்கு அது ஏன் என்று புரியும்.