பிரேஸ்கேர்டிலுக்கு ஒளிய இடம் இருந்தது

வட்டவளையில் ரயிலேறிக் கீழே போனால் கலபொட, இங்குருஓயா, அப்புறம் நாவலப்பிட்டி. மழைச் சாரலுக்கு ஜன்னலை இழுத்து விட்டுக்கொண்டு நாங்கள் எத்தனையோ தடவை போய்வந்த பாதை. அந்த நாவலப்பிட்டியில் 1937 ஏப்ரல் 3ஆம் திகதி ஒரு கூட்டம் நடந்தது. சுமார் இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர் கூடியிருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயா பேசினார். லங்கா சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா இன்னொருவரையும் பேசக் கூப்பிட்டார். எழுந்து வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். வயது 24. பெயர் மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில்.

லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் தேயிலைத் தொழில் படிக்கக் கப்பலேறி வந்து, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் 'கிரீப்பர்' ஆகச் சேர்ந்தார். கிரீப்பர் என்றால் சின்னத்துரையாவதற்கு முன் வேலை பழகுகிற வெள்ளைக்காரப் பையன். கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் பங்களா, குதிரை, கிளப் எல்லாம் தானாக வந்திருக்கும். இவரோ லயத்துச் சனங்களோடு பழகினார், அவர்கள் பக்கம் பேசினார், வேலை போச்சு. அடுத்த வருஷம் நாவலப்பிட்டி மேடையில் ஏறி, தொழிலாளர் சட்டங்களைத் துரைமாரே மீறுகிறார்கள் என்று உள்ளே இருந்து பார்த்ததை வெளியே சொன்னார்.

கூலி போதாது, காம்பிராவில் மூச்சுவிட இடமில்லை என்பதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சனங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அதைத் துரை சாதியில் பிறந்த ஒருவனே சொல்கிறான் என்பதுதான் புதுசு. தோட்ட முதலாளிமார் பயந்ததும் அதற்குத்தான்.

அரசாங்கத்தின் தப்பை அம்பலப்படுத்தியவர் எந்த நாட்டுக்கு ஓடினால் பாதுகாப்பாக இருக்கலாம்? எட்வர்ட் ஸ்னோடன் பெயர் அடிபட்ட நாளிலிருந்து உலகம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. எங்கள் மலையில் இது ரொம்பப் பழசு. 1937இல் தோட்டமும் அரசாங்கமும் வேறு வேறு அல்ல. கவர்னர் காதில் தோட்டக்காரர் சொன்னால் கவர்னர் கையெழுத்துப் போடுவார்.

போட்டார். ஏப்ரல் 22ஆம் திகதி பிரேஸ்கேர்டில் கையில் ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். 'மூல்ட்டான்' என்ற கப்பலில் இடம் தயார். கையெழுத்துப் போட்டவர் கவர்னர் சேர் ரெஜினல்ட் ஸ்டப்ஸ்.

கப்பல் புறப்பட்டுப் போனது. ஆள் அதில் இல்லை.

சமசமாஜக் கட்சிக்காரர்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். பொலிஸ் நாடெல்லாம் தேடியது. மே தினத்தில் கொழும்பில் "எங்களுக்கு பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்து" என்று பதாகைகள் வந்தன. மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் கவர்னருக்கு எதிரான கண்டனத் தீர்மானம் 34க்கு 7 என்று நிறைவேறியது. கை தூக்கிய 34 பேரும் தோட்டத் தொழிலாளர் மேல் பாசம் கொண்டவர்கள் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. தெரிவான மந்திரிமாரின் தலைக்கு மேலால் கவர்னர் நடந்துகொண்டார் என்பதில்தான் பலருக்கும் கோபம். அன்றைக்கே காலிமுகத் திடலில் பெரிய கூட்டம் திரண்டது. தேடப்படுகிற ஆள் திடீரென்று மேடையில் வந்து நின்றார். அவ்வளவு சனத்துக்கு நடுவே பொலிசால் கை வைக்க முடியவில்லை.

பிறகு பிடித்துவிட்டார்கள். வழக்கு ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றம் போனது. பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் உட்பட மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். எச்.வி. பெரேரா வாதாடினார். அவசர நிலைக்கென்று 1896இல் கொடுத்த அதிகாரத்தைச் சாதாரண நாளில் ஒருவர் பேசிய பேச்சுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று மே 18ஆம் திகதி தீர்ப்பு வந்தது. பிரேஸ்கேர்டில் வெளியே வந்தார். அந்த வருஷக் கடைசியில் தானாகவே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். இடதுசாரிகளின் வீரக் கதையாக இது நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு உறுத்துவது நாவலப்பிட்டியில் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டாயிரம் பேர்.

அவர்களில் ஒருவர் அதே பேச்சை அதே மேடையில் பேசியிருந்தால்? கவர்னர் வரைக்கும் போகவே வேண்டாம். பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்து தோட்டத்தை விட்டு வெளியேற்றினால் முடிந்தது. வேலை போனால் லயக் காம்பிராவும் போகும், ஏனென்றால் அது தோட்டத்துக்குச் சொந்தம். ஒளித்து வைக்கவும் ஆளில்லை. தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தாலே அத்துமீறல். கோ. நடேசய்யரே புடவை வியாபாரி வேஷத்தில்தான் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்து எழுதினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்துப்போனார். பிரேஸ்கேர்டிலுக்குக் கிடைத்தது கப்பல் டிக்கெட். கோவிந்தனுக்குக் கிடைத்தது தோட்டா.

1948இல் இன்னொரு படி மேலே போனார்கள். 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் சனங்களில் பெரும்பாலானவர்களை நாடே இல்லாதவர்களாக்கியது. அன்றைக்கு அதை எதிர்த்தவர்களில் சமசமாஜக் கட்சியும் உண்டு, மறக்கக்கூடாது. அதே கட்சி 1964இல் சிறிமாவோ அரசாங்கத்தில் சேர்ந்து, என்.எம். நிதி மந்திரியாக இருந்தபோதுதான், அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். இதையும் மறக்கக்கூடாது. ஒரு வெள்ளைக்காரரை நாடு கடத்தக் கையெழுத்துப் போட்டபோது எழும்பின ஊர், அஞ்சேகால் லட்சம் பேர் விஷயத்தில் அப்படி எழும்பவில்லை.

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். நிஷாந்த சில்வா சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர். லசந்த விக்கிரமதுங்க கொலை, பிரகீத் எக்னெலிகொட காணாமல்போனது, கொழும்பில் 11 இளைஞர் கடத்தப்பட்டது என்று, படையினர் மேலேயே சந்தேகம் போன வழக்குகளை விசாரித்தவர். ரகசியத்தை வெளியில் போட்டவர் என்று சொல்ல முடியாது. அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டே அதன் ஆட்களைத் தோண்டியவர். 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல், 24ஆம் திகதி அவர் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். அடுத்த நாள் கொழும்பிலுள்ள சுவிஸ் தூதரகத்தின் உள்ளூர் ஊழியர் ஒருவர் தன்னைக் கடத்தி விசாரித்ததாகச் சொன்னார். அரசாங்கம் மறுத்தது, கடைசியில் அந்த ஊழியரையே கைது செய்தார்கள். போகாமல் இங்கேயே இருந்த சி.ஐ.டி. பணிப்பாளர் ஷானி அபேசேகர 2020 ஜூலையில் கைதாகி, 2021 ஜூனில்தான் பிணையில் வந்தார். போனவர் சரியா, இருந்தவர் சரியா என்று கேட்டால் எங்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி.

ஏன் சுவிஸ்? 2012 செப்டம்பர் வரைக்கும் தூதரகத்திலேயே அகதி விண்ணப்பம் வாங்கிய நாடு அது. கொழும்பில் இருந்தே நிறையப் பேர் கொடுத்தார்கள். அந்தக் கதவை மூடியாச்சு. இப்போது முதலில் அந்த மண்ணில் கால் வைக்க வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட், விசா, காசு வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையைப் படித்துப் பார்த்தால் 'உண்மையைச் சொன்னவர்' என்று ஒரு வகையே அதில் கிடையாது. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்று ஐந்துதான். தான் வெளியிட்ட தகவல் ஓர் அரசியல் கருத்துதான் என்று நிரூபித்து அந்த ஐந்தாவதற்குள் நுழைய வேண்டும். உத்தியோக ரகசியத்தை மீறிய குற்றவாளி என்று ஊர் அரசாங்கம் சொல்லும். ஸ்னோடனுக்கு நடந்ததும் அதுதான். 2013 ஜூனில் அமெரிக்கா பாஸ்போர்ட்டை ரத்து செய்தது, மொஸ்கோ விமான நிலையத்திலேயே ஐந்து வாரத்துக்கு மேல் கிடந்தார், ஒகஸ்ட் 1ஆம் திகதி ரஷ்யா தற்காலிகத் தஞ்சம் கொடுத்தது. பேச்சுச் சுதந்திரம் அவ்வளவாக இல்லாத நாடு அது. அமெரிக்காவுக்குப் பிடித்துக் கொடுக்காது என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது.

மொஸ்கோவுக்கு முன்னே இரண்டு வாரம் அவர் ஹொங்கொங்கில் எங்கே ஒளிந்திருந்தார் தெரியுமா? அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர்களின் சின்னச் சின்ன வீடுகளில். ஒரு பிலிப்பீன்ஸ் பெண்ணும் சில இலங்கையரும் அவரைத் தங்க வைத்தார்கள். உலகமே தேடிய ஆளுக்குத் தஞ்சம் கொடுத்தது, தஞ்சம் கிடைக்காத எங்கள் நாட்டுச் சனங்கள். விஷயம் வெளியே தெரிந்த பிறகு, 2017இல் ஹொங்கொங் அவர்களின் விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்தது. பிலிப்பீன்ஸ் பெண்ணும் மகளும் 2019இல் கனடா போனார்கள். பிள்ளைகளோடிருந்த இலங்கைக் குடும்பத்தைக் கனடா 2021 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. அவர்களோடு சேர்ந்து உதவிய இன்னொரு இலங்கையர் அன்றைக்கு அந்த விமானத்தில் இல்லை. அவர் ஹொங்கொங்கிலேயே காத்திருந்தார்.