சுதந்திராக் கட்சியும் கிளைப் பொறுப்பாளர் தேர்வும்

தனிமனித உரிமை, தனிச்சொத்து, தடையற்ற வணிகம் ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டு, அரசின் அதிகாரம் இயன்றவரை சுருங்கியிருக்க வேண்டும் என்று கோரும் அரசியல் கொள்கை லிபர்டேரியன் கொள்கை அல்லது சுதந்திரவாதம் எனப்படுகிறது. அப்பெயரிலேயே இயங்கிய பெரிய கட்சி எதுவும் இந்தியாவில் தோன்றவில்லை எனினும், 1959 ஜூனில் சென்னையில் அறிவிக்கப்பட்டு 1974 வரை செயல்பட்ட சுதந்திராக் கட்சி அதற்கு மிக நெருங்கி நின்றது. அதிகாரத்தை ஐயத்தோடு நோக்குபவர்கள் தங்களுக்குள் ஒருவருக்கு அதிகாரம் தருவது எப்படி, கருத்து வேறுபாடு கோஷ்டியாக இறுகாமல் காப்பது எப்படி என்னும் இரு சிக்கல்களையும் அக்கட்சி சந்தித்தது; முதலாவதை அது தீர்க்காமல் விட்டது, இரண்டாவதற்குப் பாதி விடையைக் கண்டது.

கொள்கையும் கருத்துரிமையும்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியதை எதிர்த்து ராஜாஜி, என்.ஜி. ரங்கா, மினூ மசானி, கே.எம். முன்ஷி முதலியோர் ஒன்றுகூடினர். தொழில் தொடங்கவும் பொருள் வாங்கவும் அரசின் அனுமதியை நாட வேண்டியிருந்த நிலையை ராஜாஜி 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சாடி வந்தார். கட்சி தனக்கென வகுத்துக்கொண்ட 21 அடிப்படைக் கொள்கைகளுள் கடைசியானது, அக்கொள்கைகளுக்கு வெளியேயுள்ள எல்லாப் பொருள்களிலும் உறுப்பினர்களுக்கு முழுக் கருத்துரிமை உண்டு என்று கூறியது. இந்திய அரசியல் சட்டத்தில் இந்தி ஆட்சிமொழியாவதற்கு வழிவகுத்த 1949ஆம் ஆண்டு முன்ஷி-ஐயங்கார் இணக்கத் திட்டத்தை வகுத்த இருவருள் ஒருவரான முன்ஷியும், 1960களில் இந்தித் திணிப்பை வன்மையாக எதிர்த்த ராஜாஜியும் ஒரே கட்சியில் பிளவின்றி இருக்க முடிந்ததற்கு இந்த விதியே இடமளித்தது. கட்டுப்படுத்த வேண்டியவற்றை எண்ணிச் சொல்லி, மற்றவற்றை விட்டுவிடும் இம்முறை, எல்லாவற்றிலும் ஒரே குரலை எதிர்பார்க்கும் கட்சிமரபு வேரூன்றிய நாட்டில் அரிய முயற்சியாகும். இதற்கு உரிய கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் யார் எப்பதவியில் அமர்வது என்னும் கேள்விக்கு 21ஆம் கொள்கை விடையளிக்கவில்லை. ரங்கா தலைவராகவும் மசானி பொதுச்செயலாளராகவும் இருக்க, இறுதிச் சொல் தலைவர் பதவியை ஏற்காத ராஜாஜியிடமே இருந்தது. மாநிலங்களில் கட்சியை விரைந்து வளர்க்க, ஏற்கெனவே செல்வாக்குள்ளவர்களை அவர்களுடைய ஆதரவாளர்களோடு சேர்த்துக்கொள்ளும் வழி பின்பற்றப்பட்டது. பீகாரில் 1962 சட்டமன்றத் தேர்தலில் கட்சி பெற்ற 50 இடங்களும் பெருமளவு ராம்கர் ராஜா காமாக்யா நாராயண் சிங்கின் செல்வாக்கால் வந்தவை. பின்னர் அவர் விலகியபோது அங்கே கட்சி நிலைகுலைந்தது. தமிழ்நாட்டில் நிலை சற்று மாறுபட்டது. கம்பன் கழகத்தை 1939இல் நிறுவிய சா. கணேசன் 1962இல் காரைக்குடியில் கட்சி வேட்பாளராக வென்றதை, நெடுநாள் பொதுப்பணியால் ஊரார் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் கிளைக்கு வலுவூட்டியதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அவ்வாண்டு சென்னை மாநிலத்தில் 6 இடங்களைப் பெற்ற கட்சி, 1967இல் தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்து 20 இடங்களைப் பெற்றது. 1971இல் ராஜாஜி காமராஜரின் பழைய காங்கிரசோடு கைகோத்தபோது அது மீண்டும் 6ஆகச் சுருங்கியது. 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தபின், தலைமை வாரிசை உருவாக்கும் வழக்கமான நடைமுறை கீழிருந்து மேல்வரை இல்லாத கட்சியால் நீடிக்க இயலவில்லை. 1974இல் பிலூ மோடி தலைமையில் அது பாரதிய லோக் தளத்தில் கலந்தது.

அமெரிக்க லிபர்டேரியன் கட்சி

இதே இரு சிக்கல்களை 1971இல் தொடங்கிய அமெரிக்க லிபர்டேரியன் கட்சியும் சந்தித்தது. அதில், அரசே கூடாது என்போருக்கும், காவல், நீதி, நாட்டுப் பாதுகாப்பு அளவில் அரசு இருக்கலாம் என்போருக்கும் இடையே எழுந்த பூசல் 1974இல் டல்லஸ் மாநாட்டில் ஓர் உடன்பாட்டால் தணிந்தது; அக்கேள்வியைக் கொள்கை அறிக்கையில் எழுதாமல் விடுவதென இரு தரப்பும் இசைந்தன. எனினும் 1983இல் அதிபர் வேட்பாளர் தேர்வில் தோற்ற அணியினர் பலர் விலகியதும், 2022இல் ரீனோ மாநாட்டில் ஓர் அணி நிர்வாகத்தைக் கைப்பற்றியபின் சில மாநிலக் கிளைகள் பிரிந்து சென்றதும், கொள்கையில் காத்த மௌனம் பதவிப் போட்டியைத் தணிப்பதில்லை என்பதைக் காட்டுகின்றன. அக்கட்சியின் விதிகளில் கருதத்தக்க ஒன்று, பொறுப்பாளர் தேர்தலில் 'மேற்கண்ட எவருமில்லை' என்பதும் வாக்குப் பெறத்தக்க தெரிவாக இருப்பதாகும். அது வென்றால் தோற்றவர் எவரும் அப்பதவிக்கு அம்முறை வர இயலாது. இந்திய நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் 2013 முதல் உள்ள நோட்டாவுக்கு இத்தகைய விளைவு இல்லை.

கிளை மட்டத்தில்

தமிழகத்தில் பொறுப்பாளர் தேர்வு பற்றிய மிகப் பழைய விரிவான விதிகளுள் சில முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) உள்ளன. குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் குடவோலை முறையே பரவலாகப் பேசப்படுகிறது. அவ்விதிகளின் உண்மையான வலிமை தகுதியின்மைப் பட்டியலிலேயே உள்ளது: அண்மையில் வாரியம் எனப்பட்ட குழுவில் இருந்தவர் மீண்டும் வர இயலாது, கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே உரிய அவ்வூர்ச் சபையை மக்களாட்சி எனல் பொருந்தாது. ஆயினும் பதவி ஒரு குடும்பத்தின் கையில் தங்காமல் தடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இணையானது இன்றைய கட்சிக் கிளைகளில் அரிது. கிளைக் கூட்டங்களில் 'ஏகமனதாகத் தேர்வு' என்று பதிவாகும் பல நிகழ்வுகளில் முடிவு முன்னரே வெளியே எட்டப்பட்டிருக்கும். வாக்கெடுப்பில் வெளிப்பட்டுத் தீர வேண்டிய மனக்குறை பின்னர்க் கோஷ்டியாக வடிவெடுக்கும். ரகசிய வாக்கும், காலவரையறையும், தலைவரும் பொருளாளரும் ஒரே உறவு வட்டத்தைச் சேராதிருத்தலும், ஆண்டுக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தலும் இதைத் தடுக்கும் எளிய வழிகளாகும்.

எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில் பாக் விரிகுடாவை ஒட்டியுள்ள மீன்பிடி ஊரான ஜெகதாப்பட்டினத்தைக் கொள்ளலாம். இத்தகைய ஊரில் ஒரு சுதந்திரவாதக் கிளை அமையுமானால், விசைப்படகு உரிமையாளர், நாட்டுப்படகு மீனவர், பங்கு பெறும் படகுத் தொழிலாளர், மீன் வியாபாரி ஆகியோரின் நலன்கள் அதனுள் மோதுவது உறுதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொழிலுரிமையில் அரசின் தலையீடா, பொதுவளத்தைக் காக்கும் தேவையா என்பதிலேயே உறுப்பினர் பிரியக்கூடும். சுதந்திராக் கட்சியின் 21ஆம் கொள்கையைப் பின்பற்றி இத்தகைய கேள்விகளை உறுப்பினரின் உரிமைக்கு விடுவது அங்கே கிளையைக் காக்கும். மோதும் தரப்புகள் ஒன்றாகக் கலக்காமலேயே ஒத்துவாழும் வழக்கம் அக்கடற்கரைக்குப் புதிதன்று: விசைப்படகுகள் வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுகள் மற்ற 4 நாளும் கடலுக்குச் செல்லும் முறை அங்கு நிலவி வருகிறது. பதவிகளையும் தரப்புக்குத் தரப்பு சுழற்சியில் விடுவது இவ்வழக்கத்தோடு இயைந்த ஏற்பாடாகும்.

கிராம ஊராட்சித் தலைவர், உறுப்பினர் தேர்தல்கள் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னமின்றி நடப்பதால், கிளையினர் இருவர் ஒரே பதவிக்கு எதிரெதிரே நிற்க நேரலாம். ஊராட்சித் தேர்தலில் கிளை எவரையும் ஆதரிக்காது என்று விதிமுறையிலேயே எழுதிவைப்பது பயனுடையது. கட்சியாகப் பதிவு பெறுவதில் வேறொரு தடை உள்ளது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு கோரும் கட்சி சோசலிசம், மதச்சார்பின்மை, மக்களாட்சி ஆகிய கோட்பாடுகளுக்குப் பற்றுறுதி தெரிவிக்க வேண்டும் என்கிறது. சோசலிசத்தை எதிர்ப்பதற்கென்றே தோன்றிய மரபினர்க்கு இது மனச்சான்றுக்கு எதிரான உறுதிமொழியாகும். சுதந்திராக் கட்சியின் முன்னாள் நிர்வாகி எஸ்.வி. ராஜு இதை எதிர்த்து 1990களில் பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடினார். அவ்வுறுதிமொழியை ஏற்காத குழுவினர் பதிவுபெற்ற கட்சியாக அன்றிச் சுயேச்சை வேட்பாளர்களாகவே தேர்தலில் நிற்க இயலும்.