படத்தின் பின்னால் ஒரு சொல்

ஒலிம்பிக் பந்தயம் என்றதும் ஓடினவர்களும் தாண்டினவர்களும்தான் நமக்கு ஞாபகம் வருகிறார்கள். 2000-ஆம் வருஷம் ஸிட்னி நகரில் கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டர் ஓடி ஜெயித்ததை இன்றைக்கும் பலர் சிலாகித்துச் சொல்வார்கள். அந்தப் பந்தயங்கள் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னால் இன்னொருவரும் ஜெயித்தார். அவர் ஓடவுமில்லை, தாண்டவுமில்லை. எந்த விளையாட்டு என்றைக்கு நடக்கிறது என்ற அட்டவணையைத் தாமே படித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கு 14 மாதம் வழக்காட வேண்டியிருந்தது.

அவர் பெயர் புரூஸ் மக்வயர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஆனால் கம்ப்யூட்டரில் கைதேர்ந்தவர்.

கண் தெரியாதவர் கம்ப்யூட்டரை எப்படிப் படிப்பார் என்று வாசகர்கள் கேட்கலாம். பேசும் கருவிகள் உண்டு. திரையில் இருப்பதை ஒரு குரல் வாசித்துக்கொண்டே போகும். மக்வயர் உபயோகித்தது வேறு தினுசு. விசைப்பலகைக்குப் பக்கத்தில் நீளமான ஒரு பட்டை. அதில் வரிசையாகச் சின்னஞ்சிறு துவாரங்கள். துவாரத்துக்குள் முனை மழுங்கிய ஊசிகள். திரையில் உள்ள வரிக்குத் தக்கபடி சில ஊசிகள் எழும்பும், சில அமர்ந்திருக்கும். விரலால் தடவினால் அது எழுத்து. ஒரு வரியைப் படித்து முடித்ததும் ஊசிகள் அடங்கி, அடுத்த வரி எழும்பும். எழுத்து முளைக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்தப் புள்ளி எழுத்து லூயி பிரெயில் என்ற பையன் கொடுத்த தனம். 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், அதை உருவாக்கினார். அதற்கு முன்னால் பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு என்ன கொடுத்திருந்தார்கள் தெரியுமா? கண்ணுள்ளவர்கள் படிக்கும் அதே எழுத்துகளைப் பெரிதாகப் புடைக்க வைத்து, 'தடவிப் படி' என்று கொடுத்திருந்தார்கள். கண்ணுக்கு அழகாக இருந்தது; விரலுக்குப் பிடிபடவில்லை. பிரெயில் 1852-இல் காலமானார். அவர் படித்ததும் படிப்பித்ததுமான அந்தப் பள்ளிக்கூடமே அவருடைய எழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854-இல்தான். இந்தப் பழைய கதையை இங்கே நுழைப்பதற்குக் காரணம் உண்டு. ஸிட்னியில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஊசிப் பட்டைக்கும் பேசும் கருவிக்கும் எழுத்து மட்டும்தான் தெரியும். படம் தெரியாது. ஒலிம்பிக் இணையதளத்தில் நீச்சல் என்ற வார்த்தைக்குப் பதிலாக, ஒருவன் நீந்துவதுபோல் ஒரு சின்னப் படம் இருந்தால் கண்ணுள்ளவன் அதைத் தொட்டு உள்ளே போய்விடுவான். மக்வயரின் விரலுக்குக் கீழே அந்த வார்த்தை எழும்பாது.

இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டால் சிரிப்பாக இருக்கிறது. பக்கத்தைத் தயாரிப்பவர், படத்தின் பின்னால் 'நீச்சல்' என்று ஒரு சொல்லை எழுதி வைத்துவிட்டால் போதும். பார்க்கிறவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. படம் படமாகவே இருக்கும். கருவி மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. பக்கங்களை எழுதும் மொழியிலேயே, 1995-இல் வெளிவந்த விதிகளில், அதற்கு இடம் விட்டிருந்தது. 1999 மே 5-ஆம் தேதி, இணையத்துக்கு விதிமுறை வகுக்கும் சர்வதேச அமைப்பு, உடற்குறை உள்ளவர்களும் படிக்கும்படி பக்கங்களை அமைப்பது எப்படி என்று 14 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றில் முதலாவது இதுதான்: படம் இருந்தால் அதற்கு ஈடாகச் சொல்லும் இருக்கட்டும்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜூன் 7-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் மனித உரிமை ஆணையத்தில் மக்வயர் புகார் கொடுத்தார். அந்த நாட்டில் 1992-இல் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது. உடற்குறையைக் காரணமாக வைத்து ஒருவருக்குச் சேவையை மறுப்பது சட்ட விரோதம் என்றது அந்தச் சட்டம். டிக்கெட் வாங்குவது பற்றிய விவரப் புத்தகம் பிரெயிலில் இல்லை என்பதும் அவருடைய குறைகளில் ஒன்று. ஆனால் வழக்கு கனத்தது இணையதளத்தில்தான். படங்களுக்குச் சொல் இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி இல்லை. பந்தய முடிவுகளும் கருவிக்குப் புரியாதபடி கட்டம் கட்டமாக அடைபட்டிருந்தன.

ஒலிம்பிக் கமிட்டியார் சொன்ன பதில்களில் ஒன்று, அந்தப் பட்டியலின் நீண்ட முகவரியை நேரே டைப் அடித்துப் போகலாமே என்பது. வாசல் கதவு பூட்டியிருக்கிறதா, சுவரேறிக் குதியுங்கள் என்கிற மாதிரி!

இப்படிப்பட்ட இடங்களில் எல்லா நாட்டிலும் எல்லாரும் சொல்லும் யோசனை ஒன்றும் உண்டு: 'வீட்டில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்வதுதானே?' எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பட்டணத்துப் பிள்ளையின் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பையன் எதைப் படித்தான், எதை விழுங்கினான் என்பது பாட்டிக்குத் தெரியாது. இன்னொரு தரம் படி என்று கேட்கவும் கூச்சம். படித்துச் சொல்ல ஆள் இருப்பது வேறு, தானே படிப்பது வேறு.

கமிட்டியாரின் பெரிய வாதம் பணமும் காலமும். பக்கங்களை வார்க்கும் அச்சுகள் 1,295 இருக்கின்றன என்றார்கள். எல்லாவற்றையும் திருத்த ஒருவர் தினம் 8 மணி நேரம் உழைத்தாலும் 368 நாள் ஆகும் என்றார்கள். செலவு 20 லட்சம் டாலருக்கு மேல் என்றார்கள். கணக்கு பயமாகத்தான் இருந்தது. மக்வயர் தரப்பில் கனடாவிலிருந்து யூட்டா டிரெவிரேனஸ், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாம் வொர்திங்டன் என்ற இரண்டு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். அச்சுகள் அத்தனை இருக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு நேரமும் ஆகாது, அனுபவமுள்ள சிலர் சேர்ந்து உட்கார்ந்தால் நாலு வாரத்தில் முடிகிற காரியம் என்று அவர்கள் கணக்கு இருந்தது. 368 நாள் எங்கே, நாலு வாரம் எங்கே! கமிட்டியார் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. செய்ய விருப்பமில்லாத வேலை யார் கணக்கிலும் மலையாகத்தான் தெரியும். புகார் வந்த அன்றைக்கே ஆரம்பித்திருந்தால், 368 நாள் என்ற அவர்கள் கணக்கின்படியே கூட, நாலைந்து பேர் சேர்ந்து சில மாதங்களில் முடித்திருக்கலாம்.

2000 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஆணையர் வில்லியம் கார்ட்டர் தீர்ப்பளித்தார். இணையதளமும் சேவைதான், அதைப் பார்வையற்றவருக்கு எட்டாதபடி வைத்தது சட்ட விரோதம், தாங்க முடியாத சிரமம் என்ற வாதம் செல்லாது. செப்டம்பர் 15-ஆம் தேதிக்குள் படங்களுக்குச் சொல் சேர்க்க வேண்டும், பட்டியலுக்கும் முடிவுகளுக்கும் வழி திறக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. செப்டம்பர் 15 பந்தயத்தின் தொடக்க விழா நாள். உலகத்திலேயே இணையதளம் சம்பந்தமாக இப்படி வந்த முதல் தீர்ப்புகளில் இது ஒன்று.

விழா நடந்தது. வாணவேடிக்கை நடந்தது. உத்தரவில் ஒரு பகுதிதான் நிறைவேறியிருந்தது. அக்டோபர் முதல் தேதி பந்தயங்களும் முடிந்துவிட்டன. நவம்பர் 6-ஆம் தேதி ஆணையர் மறுபடி கூடி, மக்வயருக்கு 20,000 டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார். நஷ்ட ஈட்டைக் கையில் வாங்கலாம். முடிந்துபோன பந்தயத்தின் அட்டவணையை வாங்கி என்ன செய்வது?

ஆறு வருஷம் கழித்து, 2006-இல், அதே ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் என்பவர் பேசும் கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். விலை உயர்ந்த கருவிகளை வாங்க முடியாதவர்களுக்காக அதை இலவசமாகவே வழங்கினார். என்.வி.டி.ஏ. என்று பெயர். இன்று உலகெங்கும் அதைக் கொண்டு படிக்கிறார்கள்; தமிழும் அதில் பேசும்.

2024-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கத்தைச் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் பின்னால் சொல் இல்லாத படம் ஒன்றாவது இருந்தது. அப்படி ஒரு படத்தைத் தொட்டால் உள்ளே போகும் இடத்துக்கு வரும்போது கருவி பேசாமல் இருப்பதில்லை. சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே! கோப்பின் பெயரையோ முகவரியையோ, எண்ணும் எழுத்துமாக, ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்துவிடுகிறது.