ஜவுளிக்கடையும் பள்ளிக்கூடமும்

நம் மரபினரின் வாணிக வரலாற்றை எழுதுவோர், கடையே நம் பிள்ளைகட்குக் கல்லூரியாய் விளங்கிற்று என்று கூறிப் பெருமிதங் கொள்வர். அக்கூற்றில் மெய்யுண்டு. ஆயினும் அக்கல்லூரியிற் சேர்ந்த பிள்ளைகள் பலர் அதன்பொருட்டு வேறொரு பள்ளியை விட்டு வந்தவர் என்பதனை எழுதுவார் இலர். ஆசிரியத் தொழில் புரிவோனாகிய யான் அதனையும் சேர்த்தெழுத விழைவதனை அன்பர்கள் பொறுத்தருள்க.

அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில், வணிகர் தம் வாணிகத்தின்மேல் தாமே விதித்துக்கொண்ட மகமைப் பணம் பொதுக்காரியங்கட்குப் பயன்பட்டது. கோயில் விழாவும் அதனால் நடந்தது. சத்திரிய வித்தியாசாலையும் அதனால் வளர்ந்தது. இல்லந்தோறும் பெண்டிர் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அப்பிடியரிசியும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவிற்று.

அக்காலத்து ஜவுளிக்கடை இக்காலத்துக் கண்ணாடி மாளிகை அன்று. தரையிற் பாயும் வெள்ளை விரிப்பும் இருக்கும். வாடிக்கைக்காரர் அதன்மேல் அமர்வர். அவர் முன்னிலையில் வேட்டியும் சேலையும் பிரித்துக் காட்டப்பெறும். புதிதாக வந்த பையன் கடையைப் பெருக்குவான், தண்ணீர் கொணர்வான், பிரித்த துணிகளை மீண்டும் மடித்தடுக்குவான். மடிப்புக் கலையாமல் மடிக்கக் கற்ற பின்னரே கஜக்கோல் அவன் கைக்கு வரும். அடக்கவிலையைத் துணியின் ஓரத்தில் எண்ணால் எழுதாது, கடையார் மட்டும் அறிந்த எழுத்துக் குறியால் எழுதி வைப்பர். அக்குறியைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த நாளே முதலாளி அவனை நம்பிய நாளாகும். பத்துச் சேலைகளைப் பிரிக்கச் செய்து ஒன்றும் வாங்காது எழுந்து செல்வாரிடத்தும் முகங்கோணாதிருத்தல் எல்லாவற்றினும் அரிய பாடம். இதனை எவரும் வாயாற் சொல்லிக் கற்பித்திலர். முதலாளியைப் பார்த்தே பையன் கற்றான். அவன் பெரும்பாலும் உறவினன் ஆதலின், சம்பளம் இவ்வளவு என்று பேசிக்கொள்வதும் அரிது.

இத்தகைய கடையொன்றில் அமர்த்தப்பெற்றவரே காமராசர். 1903 ஜூலை 15இல் பிறந்த அவர் தம் ஆறாம் அகவையில், தேங்காய் வாணிகம் செய்துவந்த தந்தை குமாரசாமியை இழந்தார். ஆறாம் வகுப்பளவில் படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடைக்காரர் கண்கொண்டு நோக்கின் அவர் நல்ல பையன் அல்லர். பொதுக்கூட்டம் என்று கேள்வியுற்றால் அவர் கால் கடையில் நில்லாது. வரதராஜுலு நாயுடு, ஜார்ஜ் ஜோசப் ஆகியோரின் சொற்பொழிவுகள் அவரை ஈர்த்தன. 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலை அவர் உள்ளத்தைச் சுட்டது. அடுத்த ஆண்டே ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. சீமைத் துணியை விலக்குக என்னும் குரல் ஊர்தோறும் கேட்டது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அரையாடை பூண்டதும் அண்மையிலுள்ள மதுரையிலேயாம். துணி விற்கும் இடத்திலிருந்த இளைஞனுக்கு இவை செவிவழிச் செய்திகளாய் மட்டும் இருந்திரா.

இவன் போக்கு ஆகாதென்றெண்ணிய வீட்டார், திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அவரை அனுப்பினர். மரக்கடையும் அவரைப் பிணிக்கவில்லை. 1924இல் நிகழ்ந்த வைக்கம் சத்தியாக்கிரகம் அவரை இழுத்தது.

மாமன்மாரைக் குறைகூறல் தகாது. தந்தையற்ற மருமகனுக்குத் தொழில் தேடித் தருதலே அவர்கள் அறிந்த அன்பு. ஆனால் பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய ஊரே, பன்னிரண்டு வயதளவில் ஒரு பிள்ளையை அப்பள்ளியிலிருந்து கடைக்கு அனுப்புவதில் முரணொன்றும் காணவில்லை. எழுதவும் கணக்கிடவும் தெரிந்தாற் போதும், மிகுதியைக் கடை கற்பிக்கும் என்பது அந்நாளைய எண்ணம்.

அவ்வெண்ணம் பின்னர் அரசின் திட்டமாகவும் வந்தது. 1953இல் இராஜாஜி அமைச்சரவை, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பும் எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலும் எனத் திட்டம் வகுத்தது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசரின் ஆட்சியில் அவ்வாண்டே அது கைவிடப்பட்டது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. ஜவுளிக்கடையில் நின்றவர் செய்தவை இவை என்பதனை மறந்து அவற்றைப் படித்தல் இயலுமோ?

கடையிலும் மாறுதல்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் 1947இல் இயற்றப்பெற்ற கடைகள் நிறுவனங்கள் சட்டம் 14 வயது நிரம்பாதாரை வேலைக்கு வைத்தலைத் தடுத்தது. வேலை நேரத்தை நாளொன்றுக்கு எட்டு மணியாக்கிற்று. ஆனால் பாய் போய் மேடை வந்தபின், நாள் முழுதும் நின்றே விற்கும் ஊழியர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்னும் திருத்தம் 2021இலேதான் வந்தது. எழுபத்துநான்கு ஆண்டுகள்!

சென்ற தீபாவளிக்கு முன் என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் தாய்மாமன் வெளியூர் ஜவுளிக்கடையொன்றில் சேர்த்துவிட்டார். பண்டிகை முடியட்டும் என்றனர். கார்த்திகையில் அவன் வீட்டிற்கு யானே சென்று கேட்டு அழைத்துவந்தேன். விலைகளை மனக்கணக்காய்க் கூட்டுவதில் இப்பொழுது அவன் என்னை முந்துகின்றான். விட்டுப்போன இலக்கணப் பாடத்தை மாலைதோறும் நடத்தி வருகின்றேன். புணர்ச்சி விதிகள் இன்னும் முடியவில்லை.