பொதியில் முதல் சத்திரம் வரை: தமிழகத்தில் வழிப்போக்கர் தங்கிடங்கள்

முன்னறியாத ஊரொன்றில் பொழுது சாயும் வேளையில் சென்று சேர்பவன் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழும். இன்றிரவு எங்கே தலை சாய்ப்பது என்பது ஒன்று. உண்ண யார் தருவார் என்பது மற்றொன்று. உறவினர் உள்ள ஊராயின் இவ்வினாக்களுக்கு இடமில்லை. கையில் பொருள் உடையவனுக்கும் ஒருவாறு விடை கிடைக்கும். உறவும் பொருளும் இல்லாதவனுக்கு ஊர் என்ன செய்தது என்பதே ஆராயத்தக்கது. தமிழகம் இதற்குப் பொதியில், அம்பலம், சாலை, மடம், சாவடி, சத்திரம் எனக் காலந்தோறும் பல விடைகள் கண்டது.

இவற்றின் வரலாற்றை அறச்செயல்களின் வரிசையாக எழுதிப் போற்றுதல் நம்மிடையே பெருவழக்கு. அது பொருந்தாத வழக்கு என நாம் கூறவில்லை. ஆயினும், இவ்விடங்களின் வாயில் யாவர்க்கும் திறந்திருந்ததா, வாயில் திறந்திருந்த இடத்திற் பந்தியும் திறந்திருந்ததா என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். இவ்வினாவை முன்வைத்து இலக்கியம், கல்வெட்டு, ஆவணம் ஆகிய மூவகைச் சான்றுகளையும் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொற்கள் தரும் செய்தி

முதற்கண் சொற்களை நோக்குவோம். 'விருந்து' என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை என்பதாம். தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுமிடத்தும் புதுமைப் பொருளே நிற்கின்றது. எனவே, விருந்தாவார் நாள்தோறும் வந்துபோகும் உறவினர் அல்லர். முன் கண்டறியாத புதியவரே ஆவர். வழிச்செல்வாரைக் குறிக்கும் 'வம்பலர்' என்னும் சொல்லும் இத்தகையதே. வம்பு என்பதற்கு நிலையின்மை என்று உரியியல் பொருள் கூறும். வந்து தங்கி, நிலையாது நீங்குபவர் வம்பலர். இடைக்காலக் கல்வெட்டுகளில் பயிலும் 'அபூர்வி' என்னும் சொல்லும் முன் இல்லாதவர், புதிதாய் வந்தவர் என்னும் பொருளதே.

வெவ்வேறு காலத்தில் எழுந்த இம்மூன்று சொற்களும் வந்தவரது வறுமையையோ தகுதியையோ குலத்தையோ குறியாமல், அவர் ஊருக்குப் புதியவர் என்னும் ஒன்றையே குறிக்கின்றன. அறிமுகமின்மையே உரிமையாக அமைந்த அறம் இது. பிற்காலத்தில் இச்சொற்கள் அடைந்த மாற்றமும் நினைவிற் கொள்ளத்தக்கது. விருந்து இன்று உணவையும், பெரும்பாலும் உறவினரையும் குறிக்கின்றது. வம்பு என்பதோ வீண் சச்சரவைக் குறிக்கின்றது.

பொதியிலும் அம்பலமும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் வம்பலர் தங்கும் பொதியில் ஒன்று காட்டப்பெறுகின்றது. அதன் நடுவே தெய்வம் உறையும் கந்து நிற்கின்றது. தரை மெழுகப்பெற்று மலர் அணியப்பெற்றுள்ளது. அந்தியில் ஏற்றிய விளக்கு அணையாது எரிகின்றது. பலரும் வந்து தொழும் அவ்விடத்திலேயே புதியவரும் இரவைக் கழிக்கின்றனர். வழிபடும் இடமும் தங்கும் இடமும் ஒன்றாய் இருந்த நிலை இது.

இக்காட்சி எவ்விடத்தில் வருகின்றது என்பதைக் கருதுதல் வேண்டும். கரிகாலன் பகைவர் நாட்டை அழித்த செய்தியைக் கூறுமிடத்தே புலவர் இதனை வைத்துள்ளார். வம்பலர் தங்கிய அப்பொதியிலில், தூண்கள் சாயும்படி உராய்ந்து யானையும் பிடியும் இப்போது உறைகின்றன. ஓர் ஊர் அழிந்தமைக்கு அடையாளமாகப் புலவர் தேர்ந்தவற்றுள் வழிப்போக்கர் வந்து தங்காமையும் ஒன்று. புதியவர் தங்குதற்கு இடமுள்ளதே ஊர் என்பது அக்காலத்தார் கொள்கை போலும்.

மற்றொன்றும் அவ்வடிகளில் உண்டு. அப்பொதியிலில் விளக்கேற்றியோர் கொண்டி மகளிர்; அஃதாவது, போரிற் பகைவரிடமிருந்து சிறைகொண்டு வரப்பட்ட பெண்டிர். யாவரும் வந்து தங்கிய அவ்விடம், வேறிடம் செல்ல உரிமையற்ற மகளிரின் உழைப்பால் தூய்மை பெற்றது. நம் வினாவிற்கு முதற்சான்று இதுவேயாகும்.

மணிமேகலையில் அம்பலத்தின் இயல்பு மேலும் விளக்கமுறுகின்றது. ஆபுத்திரன் தென்மதுரையில் சிந்தாதேவி கோயிலின் முன்னுள்ள அம்பலத்தில் வாழ்கின்றான். ஊரில் இரந்து பெற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், நோயாளர் ஆகியோர்க்கு இட்டு, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டினையே தலைக்கு அணையாகக் கொண்டு உறங்குகின்றான். அம்பலம் கூரையை மட்டுமே தந்தது என்பதும், உணவிற்குத் தனி ஒருவனின் இரக்கமே வழியாயிற்று என்பதும் இதனால் தெளிவாகும்.

புகாரில் உலகவறவி என்னும் அம்பலத்திலேயே மணிமேகலை அமுதசுரபியால் அறம் செய்கின்றாள். அவ்வம்பலத்திற்கே அவளை விரும்பி உதயகுமரன் வருகின்றான். அவ்விடத்திலேயே காஞ்சனன் வாளால் மாய்கின்றான். காவலற்ற பொதுவிடம் பெண்ணுக்கு அச்சந்தருவதாகவும் இருந்தது. சிலம்பில் கவுந்தியடிகள் கண்ணகியைப் பொதுவிடத்தில் விடாது மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

சாலையும் மடமும்

பல்லவர், சோழர் காலங்களில் கோயில்கள் நிலைபெற்றபின், தங்கிடத்தோடு உணவும் உறுதியாயிற்று. உண்பிக்கும் இடம் சாலை எனப்பட்டது. அதற்கு விட்ட நிலம் சாலாபோகம் எனப்பட்டது. ஆபுத்திரன் ஓட்டினை நம்பியிருந்த நிலை மாறி, நெல்லளவும் ஆளளவும் கல்லில் வெட்டப்பட்டன. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணாக்கரை உண்பித்துக் கற்பித்தற்கு வகை செய்கின்றது. வீரராசேந்திரன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், மாணாக்கர் உறையுளையும் ஒருங்கே கூறுகின்றது. படுக்கப் பாய், சனிக்கிழமை நீராட்டிற்கு எண்ணெய், இரவு விளக்கிற்கு எண்ணெய் என்னும் சிறு செலவுகளும் அதில் விடுபடவில்லை.

இவ்வுறுதியோடு ஓர் எல்லையும் வந்தமைந்தது. அபூர்விகள் உண்பதற்கு எனக் கல்வெட்டுகள் கூறும்போது, அச்சொல்லோடு பிறிதொரு சொல் இணைந்தே வருதலைக் காண்கின்றோம். அபூர்விகளாகிய பிராமணர், அபூர்விகளாய் வந்த வைணவர், மாகேசுவரர் என்னும் முறையில் அவை அமைந்துள்ளன. வந்தவர் புதியவராய் இருந்தால் மட்டும் போதாது. இன்ன குலத்தவராகவோ சமயத்தவராகவோ இருத்தலும் வேண்டும். நிலமும் நெல்லும் நிலைபெற்ற அளவிற்கு, உரியவர் யார் என்னும் வரையறையும் நிலைபெற்றது.

திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தலும் மடமும் அமைத்த செய்தியைச் சேக்கிழார் கூறுகின்றார். அந்தணராகிய அப்பூதியார், வேளாளராகிய நாவுக்கரசரைத் தம் இல்லில் அமுதுசெய்விக்க முற்படுகின்றார். பந்தியின் எல்லையைப் பத்தி கடந்த நிகழ்ச்சி அது. எல்லை வலிதாய் இருந்தமையாலன்றோ அதனைக் கடந்தமை புராணத்திற் பாடுபொருள் ஆயிற்று?

சேதுபெருவழிச் சத்திரங்கள்

சத்திரம் என்பது வடசொல். நெடுநாள் நிகழும் வேள்வியைக் குறித்த அச்சொல், பின் இடையறாது அன்னமிடும் இடத்திற்குப் பெயராயிற்று. நாயக்கர் காலத்தும் மராட்டியர் காலத்தும் பெருவழிகளிற் சத்திரங்கள் பெருகின. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சத்திரம் யாவரும் அறிந்ததே. தஞ்சை மராட்டியர் சேதுபெருவழியில் அமைத்தவை பெரும்பாலும் அரசகுல மகளிர் பெயரால் எழுந்தன. நீடாமங்கலத்துச் சத்திரம் யமுனாம்பாள் பெயராலும், ஒரத்தநாட்டுச் சத்திரம் முத்தாம்பாள் பெயராலும் வழங்கின. சேதுபாவாசத்திரம், அம்மாசத்திரம் என ஊர்ப்பெயராகவே நிலைத்தனவும் உள.

ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் அமைப்பு வியப்பிற்குரியது. கோயிலோ அரண்மனையோ எனப் பிரித்தறிய இயலாத கட்டடம் அது; யானையும் குதிரையும் இழுத்துச் செல்லும் தேர்போல அதன் ஒரு பகுதி வகுக்கப்பட்டுள்ளது. நடந்து களைத்து வந்தவர் உறங்கும் இல்லத்தைத் தேராக வடித்த சிற்பியின் கருத்து எண்ணி மகிழ்தற்குரியது. முத்தாம்பாள் இரண்டாம் சரபோசியின் (1798–1832) அன்பிற்குரியவர். தம் பெயரால் ஒரு சத்திரம் வேண்டும் என அவர் இறக்குங்கால் கேட்டுக்கொண்டார் என்பது வழிவழிச் செய்தி.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குச் சென்றது. கோட்டையும் அதனைச் சார்ந்த சிறுபகுதியுமே சரபோசிக்கு எஞ்சின. 1801ஆம் ஆண்டில் அவர் ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு ஒரு மடல் எழுதினார். சத்திரங்களின் மேலாண்மையைத் தம்மிடமே விடவேண்டும் என்பது அதன் வேண்டுகோள். நாட்டை இழந்த மன்னர் தம் பெருமைக்கு அடையாளமாக வழிப்போக்கர் இல்லங்களைக் கேட்டார் என்பது கருதத்தக்கது.

அம்மடலின்படி, பிராமணர் முதல் பறையர் ஈறாக எல்லாக் குலத்து வழிப்போக்கர்க்கும், யோகியர், சங்கமர், வைராகியர் முதலிய பலவகைத் துறவியர்க்கும் சத்திரங்களிற் சோறு வழங்கப்பட்டது. சமைத்த சோறு கொள்ளாதார் அரிசியும் பிற பண்டமும் பெற்றனர். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் உளரோ எனக் கூவி அழைத்தனர். நோயுற்றவர்க்கு மருத்துவரும் மருந்தும் பத்திய உணவும் இருந்தன. தாயற்றும் தந்தையற்றும் வந்த பிள்ளைகளை ஆசிரியர் பொறுப்பில் விட்டு, மூன்றுவேளை உணவளித்து, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கல்வியும் கற்பித்தனர். சூலுற்ற மகளிர் அங்கேயே மகப்பெற்று, மூன்று திங்கள் தங்கியிருக்கலாம். இறந்தோர்க்கு அவரவர் குலமுறைப்படி ஈமக்கடன் செய்யப்பட்டது.

உலகவறவியில் மணிமேகலைக்கு இல்லாத காவல், சேதுவழியிற் சூலுற்ற பெண்ணுக்குக் கிட்டியது. இஃது ஈராயிரம் ஆண்டு வரலாற்றில் ஒரு பெரும் வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அம்மடல் வேண்டுகோள் மடல் என்பதை ஆய்வாளர் மறத்தல் கூடாது. வேண்டுவோர் தம் குறையை எடுத்துரையார். யாவரும் உண்டனர் என்று அது கூறுகின்றது. யாவரும் ஒரே பந்தியில் உண்டனர் என்று கூறவில்லை.

பந்தி திறந்த வரலாறு

அடுத்த நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கின. 1867ஆம் ஆண்டில் வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையை நிறுவினார். சாதி, சமயம், நாடு என்னும் வேற்றுமை இன்றிப் பசித்தவர் எவர்க்கும் உணவு என்பது அதன் நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. சோழர் கல்வெட்டின் 'சாலை' என்னும் சொல்லை அடிகள் மீண்டும் கையாண்டார். அச்சொல்லைச் சூழ்ந்திருந்த வரையறையை நீக்கினார். புதியவர் என்பதையும் நீக்கிப் பசித்தவர் என்னும் ஒரே தகுதியை வைத்தார்.

தஞ்சையில் நிலைமை வேறாயிற்று. 1855இல் இரண்டாம் சிவாசி ஆண்வாரிசு இன்றி இறந்தபின் அரசு முடிவுற்றது. சத்திரங்கள் நாளடைவில் சில்லா போர்டு என வழங்கிய மாவட்டக் கழகத்தின் மேற்பார்வைக்கு வந்தன. புகைவண்டி வந்தபின் சேதுவழியில் நடப்போர் குறைந்தனர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டமை அவ்வழியின் தேவையையே மாற்றிவிட்டது. வழிப்போக்கர் குறைந்த இல்லங்களில் மாணவர் இடம்பெற்றனர். ஆனால் ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் இருந்த விடுதிகள் பிராமண மாணவர்க்கே உரியனவாய் நின்றன. எல்லாக் குலத்தார்க்கும் என 1801இல் எழுதப்பட்ட அறத்தின் பயன், நூறாண்டு கழிந்தபின் ஒரு குலத்துப் பிள்ளைகளையே சேர்ந்தது.

இந்நிலையை மாற்றியவர் ஏ. டி. பன்னீர்செல்வம். 1920களில் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த அவர், பிற குலத்து மாணவரும் அவ்விடுதிகளில் இடம்பெற வழிசெய்தார். அதே காலத்தில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவரைக் குலம்பற்றிப் பிரித்து உண்பித்தமை குறித்து எழுந்த பூசல் தமிழக அரசியலையே மாற்றும் அளவிற்கு வளர்ந்தது. இரண்டும் தங்கிடம் பற்றிய வழக்குகளே. வாயிலிற் புகும் உரிமையைக் கடந்து, உடனிருந்து உண்ணும் உரிமைக்காக எழுந்தவை அவை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பொதியிலில் கூரை மட்டும் இருந்தமையும், சாலையில் உணவு சேர்ந்து எல்லையும் உடன் சேர்ந்தமையும், சத்திரத்தில் மருந்தும் கல்வியும் மகப்பேற்றுக் காவலும் வளர்ந்தமையும், பந்தி இறுதியாகவே திறந்தமையும் பெறப்படும். தங்கிடத்தின் வரலாற்றில் வாயில் முதலிலும் அடுக்களை கடைசியிலும் திறந்தன என்று சுருங்கக் கூறலாம்.

இத்துறையிற் புகும் ஆராய்ச்சி மாணாக்கர் அறச்செய்திகளைப் படிக்குங்கால், எத்தனை பேர் உண்டனர் என்பதோடு நில்லாது, யார் உண்டனர், எங்கே அமர்ந்து உண்டனர், யார் சமைத்தனர், யார் விளக்கேற்றினர் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தஞ்சை மராட்டியரின் மோடி ஆவணங்களில் உள்ள சத்திரக் கணக்குகள் இந்நோக்கில் ஆராயப்படின் பல உண்மைகள் வெளிப்படும். நள்ளிரவு மணியோசை கேட்டு எழுந்து வந்தவர் எப்பந்தியில் அமர்த்தப்பட்டார் என்பதை அறியும்போதுதான் அம்மணியின் முழுப்பொருள் நமக்கு விளங்கும்.