தேவாலய வாசலில் நிறக்கோடு

அமெரிக்க மெதடிஸ்ட் திருச்சபை 1844-ல் அடிமை முறைச் சண்டையில் இரண்டாகப் பிரிந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூவிடம் அடிமைகள் இருந்ததே உடனடிக் காரணம். வடக்கும் தெற்கும் மறுபடி ஒன்றுசேர 1939 வரை ஆயிற்று. அப்போதும் உண்மையில் ஒன்றுசேர்ந்தவர்கள் வெள்ளையர்கள் மட்டுமே.

காரணம், அந்த இணைப்பு ஒப்பந்தம். ஐந்து மண்டலங்கள் நிலப்பரப்பை வைத்துப் பிரிக்கப்பட்டன. ஆறாவதான மத்திய மண்டலம் மட்டும் நிறத்தை வைத்து அமைக்கப்பட்டது. எந்த ஊரில் இருந்தாலும், பெரும்பாலான கறுப்பினச் சபைகள் இதற்குள் தள்ளப்பட்டன. பேராயர்களை அந்தந்த மண்டலமே தேர்ந்தெடுக்கும் என்பதால், தெற்கில் வெள்ளையர் சபைக்குக் கறுப்பினப் பேராயர் தலைமை தாங்கும் பேச்சே எழாது. சாமர்த்தியமான ஏற்பாடுதான்! 1936 மாநாட்டில் இருந்த 47 கறுப்பினப் பிரதிநிதிகளில் 36 பேர் எதிர்த்து வாக்களித்தனர், 11 பேர் வாக்களிக்கவில்லை. திட்டம் நிறைவேறியபோது மற்றவர்கள் எழுந்து பாட, இவர்கள் உட்கார்ந்தே இருந்தனர். சிலர் அழுதனர்.

1956-ல் விரும்பினால் சபைகள் மண்டலம் மாறலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆனால் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்பதால் மாற்றம் ஆமை வேகத்தில்தான் நடந்தது.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் பிரச்சினை தேவாலய வாசலுக்கே வந்தது. 1963 ஜனவரியில் இன ஒதுக்கலை எதிர்த்து 28 வெள்ளைப் போதகர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் அந்த மாநிலத்தை விட்டே போக நேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் 9 அன்று காலோவே நினைவுத் தேவாலயத்துக்கு வழிபட வந்த கறுப்பின இளைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அங்கே 18 ஆண்டுகள் போதகராக இருந்த டபிள்யூ. பி. சீலா இதை அறிந்ததும், இனி இங்கே ஊழியம் செய்ய முடியாது என்று சபையார் முன்பே அறிவித்து விலகினார்.

1964 ஈஸ்டர் அன்று அதே வாசலுக்கு இரண்டு பேராயர்கள் வந்தனர். ஒருவர் கறுப்பினத்தவரான சார்லஸ் கோல்டன். மற்றவர் வெள்ளையரான ஜேம்ஸ் மேத்யூஸ், இந்தியாவில் மிஷனரியாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். தங்கள் திருச்சபையின் பேராயர்கள் என்று தெரிந்தும் அவர்களை உள்ளே விடவில்லை.

1968-ல் டல்லாஸில் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை உருவானபோது மத்திய மண்டலம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தெற்கின் சில இடங்களில் வெள்ளையர், கறுப்பினத்தவர் மாநாடுகள் இணைவதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. மிசிசிப்பியில் அது 1973-ல்தான் நடந்தது.