சுருதியும் சுழற்சியும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்குச் சித்தூர் அயலூர் அன்று. 1911-ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் சில பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960-இல் திருத்தணி அம்மாவட்டத்தினின்றும் பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைகள் இவ்வாறு மாறினும் இசைக்கு எல்லை வகுத்தவர் எவருமிலர். புங்கனூரில் 1898-இல் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, 1954-இல் ‘சங்கீத கலாநிதி’ எனச் சிறப்பிக்கப்பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையே அதற்குச் சான்றாவார். தமிழ்நாடு போற்றிய மதுரை சோமு அவருடைய மாணவர்.

சுப்பிரமணிய பிள்ளை காலத்து வித்துவான்களின் குரலை இன்று நாம் பழைய இசைத்தட்டுகளின் வாயிலாகவே கேட்கிறோம். அங்ஙனம் கேட்கும்போது ஓர் ஐயம் எழுதல் வேண்டும். நம் செவியில் விழும் சுருதி, பாடகர் பாடிய சுருதிதானா?

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. தட்டின் மெழுகில் ஊசி வரைந்த நெளிவுகளே ஒலியின் உருவம். தட்டு எவ்வளவு விரைவாகச் சுழல்கிறதோ அவ்வளவு உயர்ந்து ஒலிக்கும் சுருதி. பாட்டின் காலமும் அதே அளவு விரையும். நிமிடத்திற்கு 78 சுற்று என்பது பின்னரே பொது வழக்காயிற்று. தொடக்க காலத்தில் பதிவு செய்தவர்கள் எழுபதுக்குச் சற்று மேலும் எண்பதுக்கு மேலுமாகப் பல வேகங்களைக் கையாண்டனர். 74 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துவிடும். 2 கட்டையில் பாடியவர் இரண்டரைக் கட்டையில் பாடியவராகத் தோன்றுவார். நிதானமான கீர்த்தனமும் அவசரமாகக் கேட்கும்.

இது சிறு பிழையெனத் தள்ளத்தக்கதன்று. ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் வித்துவான்கள் பெருங்கூட்டத்திற்குக் கேட்க உயர்ந்த சுருதியில் பாடினர் என்றும், ஒலிபெருக்கி வந்தபின் சுருதி தாழ்ந்தது என்றும் இசை வரலாற்றில் கூறுவதுண்டு. அக்கூற்றை ஆராய்வோர்க்குப் பழைய தட்டுகளே நேரிய சான்று. சான்றின் வேகமே தவறாயின் முடிவும் தவறாகும்.

ஒலிநாடா வந்த பின்னும் இம்முடிச்சு அவிழவில்லை. நாடாவை அரை வேகத்தில் ஓட்டினால் மேல் ஸட்ஜமம் கீழ் ஸட்ஜமமாகும். பாட்டோ இருமடங்கு நீளும். வேகத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்ற இயலுமா என அறிஞர் முயன்றனர். 1946-இல் டென்னிஸ் காபர் அதற்கொரு பொறியை விளக்கினார். 1966-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் பிளானகனும் கோல்டனும் கணக்கு முறையொன்றை வெளியிட்டனர். 1975-இல் அமெரிக்காவில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கான இலக்கமுறைக் கருவி விற்பனைக்கு வந்தது. இன்று வீட்டுக் கணினியில் இலவச மென்பொருள் கொண்டே எவரும் இதனைச் செய்யலாம். ஒலியை மிகச் சிறு துண்டுகளாக்கி, அவற்றைச் சுருதி மாற்றி மீண்டும் இணைப்பதே இவற்றுட் பலவற்றின் செயல்முறை.

இவ்வசதியில் இரு வேறு பணிகள் உள. அவற்றை மயங்கக் கொள்ளலாகாது. பாட்டின் காலத்தை மாற்றாது சுருதியை மட்டும் உயர்த்துவது ஒன்று. ஆசிரியரின் 1 கட்டைப் பதிவை 5 கட்டைக்குக் கொணர்ந்து உடன்பாடும் மாணவிக்கு இது துணையாகும். ஆயினும் மிகுதியாக உயர்த்தினால் குரலின் இயல்பு கெடும், கமகங்கள் கலங்கும். பழந்தட்டைத் திருத்துவது மற்றொன்று. அங்குச் சுருதியும் காலமும் ஒருங்கே பிழைத்தன. ஆதலின் ஒருங்கே திருத்தல் வேண்டும். சுருதியை மட்டும் இறக்கிவிட்டுக் காலத்தை அவ்வாறே விடுவோர், ஒரு பிழையை நீக்கி மற்றொன்றை நிலைநிறுத்துகின்றனர்.

சரியான வேகத்தை அறியும் வழிகளும் உள. சில தட்டுகளின் முகப்பில் வேகம் அச்சிடப்பட்டுள்ளது. பக்கவாத்தியமாக ஆர்மோனியம் ஒலிப்பின், அதன் சுருதி நிலையானதாகையால் அதுவும் ஓரளவு வழிகாட்டும். தேர்ந்த செவி குரலின் இயற்கையைக் கொண்டே பிழையை ஐயுறும்.

சித்தூரிலிருந்து திருப்பதி சென்றால் இதன் அருமை மேலும் விளங்கும். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாசாரியரின் கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் காக்கப்பட்டன. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் உண்டு. அவர் பாடிய மெட்டு இல்லை. ஆகவே பிற்கால இசைப்புலவர்கள் பலவற்றுக்குப் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது. 1978-இல் தேவஸ்தானம் அன்னமாசாரியர் திட்டத்தைத் தொடங்கி அப்பணியை வளர்த்தது. சொல்லைக் காத்த செப்பேட்டால் ஒலியைக் காக்க இயலவில்லை.

நமக்கோ ஒலியே கிடைத்திருக்கிறது. வெளியூர்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் பாட்டனார் வாங்கிய தட்டுகளும் நாடாக்களும் இன்றும் இருத்தல் கூடும். அவற்றைக் கணினியில் ஏற்றுவோர், ஏற்றிய முதற்படியை மாற்றாது தனியே வைத்தல் வேண்டும். திருத்திய படியில் எவ்வளவு திருத்தினோம் என்பதையும், தட்டு முகப்பின் எண்ணையும், ஓட்டிய வேகத்தையும் எழுதிவைத்தல் வேண்டும். இச்சிறு குறிப்பு இருப்பின், பின்வருவோர் நம் திருத்தம் தவறென்று கண்டாலும் மீண்டும் மூலத்திற்குச் செல்லலாம். பாடியவரின் உண்மைச் சுருதியும் அவர்களுக்கு எட்டும்.